தாம்பாளம் முட்டை ஆகலாமா?

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன் நான். போன ஆவணியில் ஒரு தம்பி பழைய வி.எச்.எஸ். கேசட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். 1991-ல் நடந்த அவருடைய அப்பா அம்மா கல்யாணம். இப்போது அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம்; சாயங்காலம் மண்டபத்து எல்.இ.டி. திரையில் பத்து நிமிஷம் ஓட்ட வேண்டுமாம். டேப்பில் பூஞ்சை பிடித்திருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. "ரெண்டு ஓரமும் கறுப்புப் பட்டை மட்டும் வரக் கூடாதுண்ணே. ஃபுல் ஸ்கிரீன்ல வேணும்" என்றார்.

இந்த ஃபுல் ஸ்கிரீனோடு எனக்குப் பல வருஷச் சண்டை. அந்தக் கால டிவி 4:3. அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று. இன்றைக்குச் சுவரில் தொங்குவது 16:9. பழைய படத்தை அதற்குள் வைத்தால் ஓரத்தில் இடம் மிஞ்சத்தான் செய்யும். அதை நிரப்ப எங்கள் தொழிலில் பலரும் செய்வது, எடிட்டிங் சாஃப்ட்வேரில் 'யூனிஃபார்ம் ஸ்கேல்' டிக்கை எடுத்துவிட்டு, அகலத்தை மட்டும் 133 ஆக்குவது. அரை நிமிஷ வேலை. கல்யாணப் பெண் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவாள்.

முகத்தில் இது சட்டென்று பிடிபடாது, கண் பழகிவிடும். வட்டமான சாமானைப் பாருங்கள். சீர்வரிசைத் தாம்பாளம் முட்டையாகத் தெரிந்தால் எடிட்டர் உங்களை ஏமாற்றியிருக்கிறார். டிவியில் பழைய காட்சி ஓடினாலும் கார் சக்கரத்தைக் கவனியுங்கள்.

சினிமாஸ்கோப்பிலும் இழுக்கத்தானே செய்கிறார்கள் என்று ஒருவர் என்னை மடக்கினார். 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அந்த முறையில் கேமரா லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி ஃபிலிமில் பதிக்கும். தியேட்டர் லென்ஸ் அதைத் திரும்ப விரிக்கும். அது மடித்த வேட்டியைப் பிரிப்பது. நாம் செய்வதோ விரித்த வேட்டியையே பிடித்து இழுப்பது.

சரி, இழுக்காமல் வெட்டலாமே? 4:3-ஐ 16:9 ஆக்க, உயரத்தில் கால்வாசியைத் தள்ள வேண்டும். கேப்சர் செய்தபோது கிடைத்த 576 வரியில் மிஞ்சுவது 432. ஏற்கெனவே மங்கிய கேசட். இன்னும் பெருக்கினால் இன்னும் மங்கும். அதைக்கூடப் பொறுக்கலாம். எதைத் தள்ளுவது என்பதுதான் பெரிய தலைவலி. தாலி கட்டும் ஷாட்டை அந்தத் தம்பிக்கே ஓட்டிக் காட்டினேன். எடுத்தவர் யாரோ, ஸ்டூல் மேல் ஏறி நின்று நாலு மூலையும் நிரப்பி எடுத்திருக்கிறார். கீழே வெட்டினால் முடிச்சுப் போடும் விரல்கள் போய்விடும். மேலே வெட்டினால், மேளக்காரரைப் பார்த்துக் "கெட்டிமேளம்" என்று ஒருவர் விரலை ஆட்டுகிறாரே, அந்தக் கை போய்விடும்.

"எங்க பெரியப்பாண்ணே அது! இப்பவும் வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் அவருதான் விரல ஆட்டுவாரு." அதற்குப் பிறகு அவர் பட்டையைப் பற்றிப் பேசவில்லை.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாழைமரம் கட்டிய வாசலோ கோலமோ என்றால் ஷாட் ஷாட்டாக ஏற்றி இறக்கி வெட்டுவேன். ஆட்கள் நிறைந்த இடத்தில் கை வைக்க மாட்டேன். அதே படத்தைப் பெருக்கி மங்கலாக்கி இரண்டு ஓரத்திலும் விடுகிறார்களே, அது எனக்கு அறவே ஆகாது. பக்கத்தில் பேய் ஆடுகிற மாதிரி இருக்கும். சும்மா கிடக்கிற கறுப்பு யாருக்கு என்ன தொந்தரவு கொடுக்கிறது?

ரீல்ஸ் வந்த பிறகு தொல்லை இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 1920-க்கு 1080-ல் எடுத்ததை நின்ற வாக்கில் 9:16 ஆக்கினால், 1920 அகலத்தில் சுமார் 608 தான் தேறும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மணவறையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவருக்குத்தான் இடம். சாஃப்ட்வேர் தானாகவே ஆளைத் தேடி நகர்த்தும். பல சமயம் அது வீடியோ லைட் பிடிக்கிற பையன் பின்னாலேயே போய்விடுகிறது. ரீல் வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கென்று தனியாக ஒரு கேமராவை நிமிர்த்தி வைக்கலாம்.

விசேஷத்தன்று நானும் போயிருந்தேன். மண்டபத்துத் திரை 12 அடிக்கு 8 அடி. 16:9-உம் இல்லை, 4:3-உம் இல்லை. பட்டையோடு நான் கொடுத்த ஃபைலை ஆபரேட்டர் பையன் திரை முழுக்க நிரப்பிவிட்டான். பட்டை அப்படியே இருந்தது. ஆட்கள்தான் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இளைத்துவிட்டார்கள். தாம்பாளம் இப்போது நின்ற முட்டை. சரிசெய்யச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் முன்வரிசையில் அந்த அம்மா பக்கத்துப் பெண்மணியின் தொடையைத் தட்டி, "பாத்தியா, அப்ப நான் எவ்வளவு ஒல்லின்னு!" என்றார்.

நான் பேசாமல் பந்திக்குப் போய்விட்டேன்.