கேம்பர்வேன்ல மலை ஏறப் போறீங்களா? முதல்ல நம்பர் பிளேட்டைப் பாருங்க

"மணாலியில இருந்து லே வரைக்கும் கேம்பர்வேன்ல போறோம் அண்ணா, ஹோட்டல் செலவே மிச்சம்!" இந்த சீசன்ல மட்டும் நாலஞ்சு பேர் இப்படிச் சொல்லிட்டாங்க. தாராளமா போங்க. 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி லாஹௌல் பக்கம் வெளியே வரும்போது கிடைக்கிற அந்தக் காட்சிக்காகவே போகலாம். ஆனா வாடகை எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி நம்பர் பிளேட் போட்டோவைக் கேளுங்க.

நாமே ஓட்டிட்டுப் போக வாடகைக்குப் பதிவான வண்டின்னா கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கும். டிரைவரோட வந்தா மஞ்சள் பிளேட், கறுப்பு எழுத்து. வெள்ளை பிளேட்னா ஓன் போர்டு. அதை வாடகைக்கு விடவே கூடாது. அதோட இன்ஷூரன்ஸ் பாலிசியிலயும் அப்படித்தான் எழுதியிருக்கும். வாடகைக்கு ஓடினது தெரிஞ்சா கிளெய்மை நிராகரிச்சிடுவாங்க.

என்னிடம் வரி ஃபைல் பண்ற ஒரு பையன், நாளுக்கு ரெண்டாயிரம் குறையுதுன்னு ஓன் போர்டு வேன் எடுத்தான். கேலாங் தாண்டி எதிர்ல லாரி. ஒதுங்கினதுல வேனோட ஒரு பக்கம் முழுக்கப் பாறையில உரசிடுச்சு. பில் 86,000. "எல்லா சேதத்துக்கும் வாடகைக்கு எடுத்தவரே பொறுப்பு"ன்னு அக்ரிமென்ட்ல இருந்தது. கையெழுத்து அவனோடது. ஏழு நாள்ல அவன் மிச்சம் பிடிச்சது 14,000.

இதுல இன்னொரு கொடுமை, போனதே கடன்லதான். 1,50,000 ரூபாய், 24 மாசம், "வெறும் 11% ஃப்ளாட்". இ.எம்.ஐ. 7,625. அசல் குறையக் குறைய வட்டி குறையுற கணக்குல பார்த்தா இது கிட்டத்தட்ட 20%. அதே 7,625-ஐ முன்கூட்டியே ஆர்.டி.யில போட்டிருந்தா, வட்டியைச் சேர்க்காமலே 20 மாசத்துல 1,52,500 கையில இருந்திருக்கும். 20 மாசம் பொறுக்க முடியாதான்னு கேட்டா, "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இந்த ஜூன்லயே கிளம்புறாங்க"ன்னான். சரி, வயசு அப்படி. நானும் அப்படித்தான் இருந்தேன்.

எல்.டி.ஏ.ல கழிச்சுக்கலாமேன்னு நினைக்காதீங்க. பழைய வரி முறையில இருந்தாத்தான் அந்தச் சலுகை. அதுவும் போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும், அதுக்கும் உச்சவரம்பு உண்டு. தங்குறதும் சாப்பாடும் அதுல வராது. வேன் வாடகை பில்லை அப்படியே ஹெச்.ஆர்.கிட்ட நீட்டினா வேலைக்கு ஆகாது.

அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி பிளேட் போட்டோ, பாலிசி காப்பி, டெபாசிட் எந்தத் தேதிக்குள்ள திரும்ப வரும்ங்கிறது, இந்த மூணையும் எழுத்துல வாங்குங்க. "அதெல்லாம் பார்த்துக்கலாம் ப்ரோ"ன்னு பதில் வந்தா, வேற வண்டி பாருங்க.