நாம் ஏன் கல்லூரிக்கு வந்தோம்?

(மாணவி, மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு)

 

மூன்று ஆண்டுகளுக்கு முன் கலந்தாய்வு நாளன்று இக்கல்லூரி வளாகத்தில் என் தந்தையாருடன் வரிசையில் நின்றிருந்தேன். என் முறை வந்தது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவர், "ஏம்மா, எதுக்காகக் காலேஜ்ல சேர வந்திருக்கே?" என்று அன்போடு கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. அப்பாதான் முந்திக்கொண்டு, "எங்க மலையில படிச்ச புள்ளைங்க கம்மிங்க ஐயா" என்றார். பேராசிரியர் புன்னகைத்துக் கையொப்பமிட்டார். இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அன்று சொல்லத் தெரியாத பதிலை இன்று இம்மலரில் எழுத முயல்கிறேன்.

பலர் சொன்ன காரணங்கள்

இக்கட்டுரைக்காக வகுப்பிலும் விடுதியிலும் பலரிடம் இதே கேள்வியைக் கேட்டேன். "வேலைக்கு" என்றவர்களே மிகுதி. "அப்பா ஆசைப்பட்டார்" என்றனர் சிலர். "கேட்ட பாடம் கிடைக்கவில்லை, கிடைத்ததில் சேர்ந்தேன்" என்று ஒருவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். "வீட்டில் இருந்தால் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்" என்று ஒரு தோழி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

இவற்றில் எந்தக் காரணத்தையும் நான் இகழமாட்டேன். வயிற்றுக்காகப் படிப்பது கேவலம் என்று பேசுகிறவர்களுக்கு வயிறு நிறைந்திருக்கிறது என்று பொருள். மரவள்ளி பிடுங்கியும், சாமை விதைத்தும், கடுக்காயும் புளியும் பொறுக்கியும் பிழைக்கும் குடும்பம் மாதச் சம்பளத்தைக் கனவு காண்பதில் என்ன பிழை?

ஆயினும் ஓர் ஐயம். அரசு வேலைதான் நோக்கமென்றால் குரூப்-4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமே! இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கும் அதுவே போதும். பட்டம் பெற்றவர்களும் அத்தேர்வுகளைத்தான் எழுதிக் காத்திருக்கின்றனர். அப்படியானால் இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் எதற்கு? வேலை என்ற ஒற்றைப் பதில் இங்கே தடுக்கி விழுகிறது.

திருமணத்தைத் தள்ளிப்போட வந்த என் தோழியின் காரணமும் சிறியதன்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கிய திட்டம், படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்குப் பணமும், பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. 2022 செப்டம்பர் 5 அன்று அது புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் மாணவர்களுக்கும் அது வந்தது. தாலிக்குக் கொடுத்த கை புத்தகத்துக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. பெண்ணின் படிப்பு கல்யாணத்துக்கு ஒரு தகுதி என்று இருந்தது போய், படிப்பே நோக்கம் என்றாகியிருக்கிறது. இம்மாற்றத்தின் பெருமையை நாம் இன்னும் முழுதாக உணரவில்லை என்பேன்.

கைநாட்டும் கையெழுத்தும்

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. என் பதில் அங்கேதான் இருக்கிறது.

கல்வராயன் மலை 1976 வரை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தது. நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் ஆன பிறகே ஜாகிர் முறை ஒழிந்தது. ஜாகிர் வீட்டு நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த கதையை என் ஆயா இன்றும் சொல்வார். "எதுல கைநாட்டு வச்சோம்னு யாருக்குத் தெரியும்? வைக்கச் சொன்னாங்க, வச்சோம்" என்பார். ஆயா கைநாட்டு.

என் அப்பா ஐந்தாவது வரை படித்தவர். தம் பெயரை அழகாகக் கையெழுத்திடுவார். ஆனால் மரவள்ளி வியாபாரி நீட்டும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை. மரவள்ளிக்கு விலை எடையை மட்டும் வைத்து அமைவதில்லை என்பது நம் பக்கத்து மாணவர்களுக்குத் தெரியும். கிழங்கின் மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். வியாபாரி சொன்னதுதான் பாயிண்ட். அப்பா போட்டதுதான் கையெழுத்து!

சென்ற ஆண்டு அறுவடையின்போது நானும் உடன் சென்றேன். வியாபாரி ஒரு பாயிண்டைச் சொல்லிச் சீட்டை நீட்டினார். "எப்படிப் பார்த்தீங்க ஐயா? எங்க முன்னால ஒருதரம் பாருங்களேன்" என்று கேட்டேன். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணு காலேஜா?" என்றார். பிறகு கிழங்கைத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்தார். ஒரே ஒரு பாயிண்ட்தான் கூடியது. அதனால் எங்கள் வீடு மாடி வீடாகிவிடவில்லை. ஆனால் மலை ஏறும் பேருந்தில் அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத்தனை வருஷமா நான் கேட்டதே இல்லியேம்மா" என்றார்.

மரவள்ளிக் கணக்கை எனக்கு எந்தப் பேராசிரியரும் கற்பிக்கவில்லை. நான் படிப்பது வரலாறு. ஆனால் வரலாற்று வகுப்பில் நாள்தோறும் ஒரு கேள்வி எழும்: "இதற்குச் சான்று என்ன?" கல்வெட்டானாலும் செப்பேடானாலும், அதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று கேட்கப் பழகுகிறோம். அந்தப் பழக்கம்தான் அன்று கிழங்கு மண்டியில் என் வாயைத் திறந்தது.

ஆம்! ஆயாவுக்குக் கைநாட்டு, அப்பாவுக்குக் கையெழுத்து. பள்ளிக்கூடம் நமக்குக் கையெழுத்தைத் தருகிறது. கையெழுத்திடும் முன் "இது என்ன?" என்று கேட்கும் துணிவை உயர்கல்வி தர வேண்டும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நம்மிடம் தங்குவது அதுதான். நான் கண்ட பதில் இதுவே.

நம் மாவட்டத்துக்கு ஏன் தேவை?

நம் பெரியவர்கள் 1993 வரை கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போனார்கள். பின்னர் விழுப்புரம் போனார்கள். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சியே மாவட்டத் தலைநகர். அலுவலகம் அருகில் வந்துவிட்டது. ஆனால் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவருக்கு அது இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடியினர் அதற்கு உரிமை கோரலாம். கோரிக்கை கிராம சபையில் தொடங்க வேண்டும் என்கிறது சட்டம். இதைப் படித்துச் சொல்ல ஊருக்கு ஒருவராவது வேண்டாமா?

இன்னொன்றையும் கனத்த மனத்தோடு சொல்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் மிகப் பலர் கூலித் தொழிலாளர்கள். அந்நாட்களில் நம் ஊரின் பெயரும் மலையின் பெயரும் நாடெங்கும் அடிபட்டன. ஊரில் எங்களைப் பார்த்தவர்கள் "சாராய மலைப் பிள்ளைகளா?" என்று கேட்டார்கள். உழைத்து உண்ணும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பற்றி எழுத ஆளில்லை. நம்மைப் பற்றிப் பிறரே எழுதிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். நம் கதையை நாமே எழுதக் கற்க வேண்டும் என்பதும் கல்லூரிக்கு வர ஒரு காரணம் அல்லவா?

வராதவர்களும் நின்றவர்களும்

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 18 முதல் 23 வயதுள்ளோர் தொகையில் உயர்கல்வியில் சேர்ந்தோர் விழுக்காடு தமிழ்நாட்டில் 47. இந்திய அளவில் 28.4. நாம் மார்தட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் இந்தியப் பழங்குடியினரிடையே அது 21.2 மட்டுமே.

என்னோடு முதலாண்டில் சேர்ந்த மலைத் தோழி ஒருத்தி இரண்டாம் பருவத்தோடு நின்றுவிட்டாள். படிப்பு வராதவள் அல்லள். ஆங்கிலப் பாடத்தைக் கண்டு மிரண்டாள். மழைக்காலத்தில் ஊருக்குப் போனவள், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அங்கேயே தங்கிவிட்டாள். பெற்றோர் காப்பித் தோட்ட வேலைக்கு வெளியூர் போயிருந்தார்கள். அவள் ஏன் வந்தாள் என்று யாரும் கேட்டோம். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் குற்றவுணர்வுதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

"பி.ஏ. படிச்சவனும் கிழங்குதானே பிடுங்குறான்?" என்று என் மாமா கேட்கிறார். உண்மைதான். ஆனால் கிழங்கு பிடுங்குகிறவன் பாயிண்டைக் கேட்கத் தெரிந்தவனாக இருந்தால் அவன் ஏமாறமாட்டான். பக்கத்துக் கொல்லைக்காரனையும் ஏமாறவிடமாட்டான் என்பதே என் மறுமொழி.

நாம் செய்யத்தக்கவை

என் எளிய வேண்டுகோள்கள் இரண்டு. முதலாவது, தோழர்களுக்கு. இன்று கல்லூரி விண்ணப்பம் இணையவழியில். மலையில் பல இடங்களில் செல்போனில் சிக்னலே கிடைப்பதில்லை. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் ஒவ்வொருவரும் பிளஸ் டூ முடித்த இருவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து விண்ணப்பிக்கச் செய்வோம். சாதிச் சான்றிதழையும் வங்கிக் கணக்கையும் முன்கூட்டியே சரிபார்க்கச் சொல்வோம்.

இரண்டாவது, பேராசிரியப் பெருமக்களுக்கு. ஒரு மாணவியோ மாணவனோ தொடர்ந்து பத்து நாள் வரவில்லையென்றால் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறிப்பதோடு நிறுத்தாமல், அதே ஊர்ப் பிள்ளை ஒருவரை அழைத்து "என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு வாழ்க்கையைத் திருப்பக்கூடும்.

நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் தெளிந்த காரணத்தோடு இங்கு வரவில்லை. அதில் வெட்கமில்லை. ஆனால் இங்கிருந்து போகும்போது காரணம் தெரியாமல் போனால் அது வெட்கம். அடுத்த ஜூனில் எங்கள் மலையிலிருந்து ஒரு பெண் வந்து கலந்தாய்வு வரிசையில் நிற்பாள். "எதுக்காக வந்திருக்கே?" என்று கேட்டால் அவள் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும். அவளுக்காக அவளுடைய அப்பா பதில் சொல்லும் நிலை இனி வேண்டாம்!