வெந்தால் தீட்டு

முதலிபாளையம் சிட்கோவைச் சுற்றியிருக்கும் லைன் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அடுப்பு நிதானமாக எரியும். மற்ற ஆறு நாளும் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் இருக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை கடை. பனியன் ஊர் முழுக்க இதுதான் வாரக் கணக்கு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து லைன் வீட்டு அக்காவோடு ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அக்கா செக்கிங் வேலை பார்க்கிறவர். அருந்ததியர். தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர். கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சொத்தையை ஒதுக்கினார். துவரம்பருப்பு பாக்கெட்டை எடுத்தார், விலையைப் பார்த்தார், வைத்தார், வேறொன்றை எடுத்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எங்கூருக் கடையில இப்பிடிக் கை வெச்சிருந்தா கைய ஒடிச்சிருப்பாங்க" என்று சிரித்தார்.

சின்னப் பிள்ளையில் ஊர்க் கடைக்குப் போனால் திண்ணைக்குக் கீழேயே நிற்க வேண்டும். காசைப் படிக்கல்லில் வைக்க வேண்டும். கடைக்காரர் அதில் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார். உப்பும் புளியும் மேலேயிருந்து விழும். பாவாடையை விரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். எடை சரியா என்று கேட்க முடியாது. புழுத்த பருப்பு என்று திருப்பித் தர முடியாது. அக்காவுக்கு இப்போது நாற்பது வயசு. ஏதோ தாத்தா காலத்துக் கதை இல்லை இது.

இப்போது நம் தோழர்களுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது.

ஒரு கட்சி சொல்கிறது: பார்த்தீர்களா, சந்தை சாதியை உடைக்கிறது. பணம் இருந்தால் போதும், பார்கோடு சாதி கேட்பதில்லை. இதை வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சந்திரபான் பிரசாத்தும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் உத்தரப் பிரதேசத்தில் இரண்டு வட்டாரங்களின் தலித் வீடுகளில் கணக்கெடுத்து, 1990-க்கும் 2007-க்கும் இடையில் சாப்பாட்டிலும் உடையிலும் வீட்டிலும் வந்த மாற்றங்களை 2010-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். கல்யாண விருந்தில் தலித்துகளைத் தனியே உட்கார வைப்பது குறைந்ததையும் காட்டினார்கள். மாற்றம் உண்மை. அக்காவின் கையும் அந்த உண்மையைத்தான் சொல்கிறது.

இன்னொரு கட்சி நம் இடதுசாரி நண்பர்களுடையது. சூப்பர் மார்க்கெட் என்றால் பெருமுதலாளி, அது சிறுகடைகளை விழுங்கும், ஆகவே நம் தெருக்கடையைக் காப்போம். 2012-ல் பல பிராண்டுச் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது இந்த முழக்கத்தோடுதான் கடையடைப்பு நடந்தது. பொருளாதாரம் சரிதான். ஆனால் ஒரு கேள்வி. 'நம்' தெருக்கடை என்கிறீர்களே, அது யாருடைய தெரு?

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் என்ன நடந்தது? தின்பண்டம் வாங்கப் போன தலித் பள்ளிக் குழந்தைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனிமேல் உங்களுக்கு எதுவும் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று பெட்டிக்கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதை அவர்களே படமும் எடுத்துப் பரப்பினார்கள். கட்டுப்பாடு என்றால் என்னவென்று புரியாமல் அந்தப் பிள்ளைகள் திருப்பிக் கேட்டது தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. அந்தக் கடையும் சிறுகடைதான். பன்னாட்டு முதலாளி கடை இல்லை.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவை எடுத்துப் பாருங்கள். எந்தெந்த இடத்தில் சாதி பார்த்துத் தடுக்கக்கூடாது என்று பட்டியல் போடும்போது முதலில் வரும் சொல் கடைகள். அப்புறம்தான் உணவு விடுதி, கிணறு, குளம், சாலை எல்லாம். 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் பொருள் விற்க மறுப்பதைத் தனிக் குற்றமாகவே வைத்தது. கடை வாசல் எவ்வளவு பெரிய போர்க்களம் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கும் தலித் பெண்ணைப் பார்த்து 'நுகர்வு வெறி' என்று உபதேசம் செய்யும் தோழர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தொட்டுப் பார்த்து வாங்குவது அவருக்குப் புது உரிமை.

ஆனால் இந்த உரிமை எதுவரைக்கும் வருகிறது? அக்கா கதையின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது.

லைன் வீட்டு ஓனரம்மாவும் அதே சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போகிறார். அதே தட்டிலிருந்து அதே பருப்பு பாக்கெட். அக்கா எடுத்துப் பார்த்து வைத்த பாக்கெட் ஓனரம்மா கூடைக்குப் போயிருக்கலாம். தீட்டில்லை. போன பொங்கலுக்கு அக்கா பாசிப்பருப்புப் பாயசம் காய்ச்சி ஒரு போசியில் கொண்டுபோய்க் கொடுத்தார். "வெச்சுட்டுப் போ கண்ணு" என்று வாசல்படியைக் காட்டினார் ஓனரம்மா. பொழுது சாய அக்கா போசியை வாங்கப் போனபோது பாயசம் நாய்த்தட்டில் கிடந்தது. திட்டவில்லை, விரட்டவில்லை, கண்ணு என்றுதான் கூப்பிட்டார். அடுத்த மாச வாடகையை அக்கா கையிலிருந்தே வாங்கி எண்ணிக்கொண்டார்.

பருப்பு தீட்டில்லை. பாயசம் தீட்டு. ரூபாய்க்குத் தீட்டில்லை, போசிக்குத் தீட்டு. பாக்கெட்டுக்குள் பச்சையாக இருந்தவரைக்கும் பொதுப்பொருள், நம் அடுப்பில் வெந்ததும் சாதிப்பொருள்.

இது சூப்பர் மார்க்கெட் காலத்துப் புதுமை இல்லை, சாதியின் பழைய சட்டமே இதுதான். கம்பை அறுத்தது நம் கை. தூற்றி அளந்து மூட்டை கட்டியது நம் கை. பண்ணையக்காரர் வீட்டுக்குள் அது போகும்போது யாருக்கும் தீட்டுப் படவில்லை. அதே கம்பை நாம் இடித்துக் காய்ச்சிக் கொடுத்தால் தீட்டு. பச்சைத் தானியத்தை யாரிடமும் வாங்கலாம், வெந்த சோற்றை வாங்கக் கூடாது. சூப்பர் மார்க்கெட்டில் நாம் தொடுகிற பெரும்பாலானது தானியம், காய், மூடிய பாக்கெட். அங்கே தொட அனுமதித்ததால் சாதிக்கு நட்டம் ஒன்றுமில்லை. கடைக்காரனுக்கு லாபம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இட்லி மாவு பாக்கெட்டை ஓனரம்மாவும் வாங்குகிறார். யார் ஊறப்போட்டார்கள், யார் அரைத்தார்கள், எந்தக் கை உப்புப் போட்டுக் கலக்கியது? கேட்பதில்லை. கம்பெனிப் பெயர் அச்சடித்த கவர் அந்தக் கையை மறைத்துவிடுகிறது. கை தெரியாதவரை தீட்டு இல்லை என்றால், தீட்டு மாவிலும் இல்லை, கையிலும் இல்லை. யாருடைய கை என்று தெரிந்துகொண்ட புத்தியில்தான் இருக்கிறது. சாத்திரம், சுத்தம், ஆச்சாரம் என்று நூறு காரணம் சொல்கிறவர்களின் வாயை அந்த மாவு பாக்கெட் ஒன்றே அடைத்துவிடும்.

சாப்பாட்டில் சாதி எப்படி நிற்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே 'சாதியை ஒழித்தல்' உரையில் காட்டினார். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா என்ற ஊர். யாத்திரை போய் வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தம் சனத்துக்கு விருந்து வைத்தார். விருந்தில் நெய் ஊற்றினார். ஆதிக்க சாதியார் தடியோடு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டிச் சோற்றைப் பாழாக்கினார்கள். நெய் அவர் காசில் வாங்கியது, சாப்பிட்டவர்களும் அவர் சனமே. ஆனாலும் பொறுக்கவில்லை. நல்லதை நாம் சமைத்துத் தின்பதும், நாம் சமைத்ததை அவர்கள் தின்பதும், இரண்டுமே அவர்களுக்குக் கலகம்.

தமிழ்நாட்டுக்கே வருவோம். 1957-ல் பெரியார் சென்னை முரளி கஃபே வாசலில் 'பிராமணாள்' என்ற பலகையை எடுக்கச் சொல்லிப் போராட்டம் நடத்தினார். நியாயமான போராட்டம். ஆனால் அந்தப் பலகை போன பிறகும் கொங்கு நாட்டு டீக்கடைகளில் இரட்டை டம்ளர் இருந்தது. பிராமணாள் பலகையை எதிர்த்தவர்களின் சாதிக்காரர்களே அந்த இரண்டாவது டம்ளரை வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் கூடத் தருமபுரி மாவட்டத்தில் காட்டு வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்த வழக்கு வந்தது.

இனி நம் மாவட்டம். அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளி, 2018 ஜூலை. அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராக வந்தார். அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் அரசுடையது. அடுப்பும் அரசு கட்டியது. ஆனால் ஆதிக்க சாதிப் பெற்றோர், எங்கள் பிள்ளைகளுக்கு இவர் ஆக்கக்கூடாது என்று பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் முதலில் என்ன செய்தார்கள்? தடுத்தவர்களைப் பிடிக்கவில்லை, சமையலரை இடம் மாற்றினார்கள். இயக்கங்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் அந்த உத்தரவு போனது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. ஏழு வருசத்துக்கு மேல் இழுத்து, 2025 நவம்பரில் 6 பேருக்கு இரண்டாண்டுச் சிறை என்று திருப்பூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த ஊர்க்காரர்களும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள்தானே? தலித் தொழிலாளி தைத்த பனியனைப் போடுகிறவர்கள்தானே? சந்தை அவர்களை என்ன மாற்றிவிட்டது? அவர்களை நீதிமன்றம் வரை இழுத்தது ஒரு பெண் கரண்டியைக் கீழே வைக்க மறுத்ததும், அவர் பின்னால் இயக்கங்கள் நின்றதும்தான். பாக்கெட் கடையில் கிடைத்துவிடும், கரண்டி போராடினால்தான் கிடைக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், நம் போராட்டம் கடை வாசலோடு நின்றுவிடக்கூடாது, அடுப்படிக்கு வர வேண்டும்.

முதல் வேலை. மதிய உணவுத் திட்டத்தில் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20-ல் உத்தரவிட்டது. எத்தனை பேருக்கு இது தெரியும்? உங்கள் ஊராட்சியில் சத்துணவு மையம் எத்தனை, 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஆக்குகிறவர்கள் யார், அதில் நம் பெண்கள் எத்தனை பேர்? மாணவத் தோழர்கள் ஒரு வாரம் சைக்கிளில் சுற்றினால் கணக்கு கைக்கு வந்துவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயில் ஒரு மனுப் போடலாம். பத்து முழக்கத்தைவிட அந்தக் கணக்கு கனமானது.

இரண்டாவது வேலை நமக்குள்ளேயே இருக்கிறது, கசந்தாலும் சொல்லியாக வேண்டும். தலித் ஒற்றுமை என்று மேடையில் பேசுகிறோம். பறையர், பள்ளர் தோழர்களில் எத்தனை பேர் அருந்ததியர் வீட்டில் கை நனைத்திருக்கிறோம்? மாநாட்டுக்கு எந்தக் காலனியில் அடுப்பு மூட்டுகிறோம்? ஓட்டல் பார்சல் வாங்கிச் சமாளித்துவிட்டு, நேரமில்லை என்று காரணம் சொன்ன கூட்டங்கள் எனக்குத் தெரியும். ஓனரம்மாவின் நாய்த்தட்டைப் பார்த்துக் கொதிக்கிற நாம் நம் பார்சலையும் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அருந்ததியர் வளவில் கொப்பரை ஏறட்டும். எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடட்டும்.

மூன்றாவது, நம் வீட்டுக்குள். பன்னிரண்டு மணி நேரம் நின்று செக்கிங் பார்த்துவிட்டு வந்த அக்காதான் ராத்திரி ஒன்பது மணிக்கு அடுப்புப் பற்ற வைக்கிறார். வீட்டுக்காரரும் கம்பெனிதான், அவரும் களைத்துப் போய்த்தான் வருகிறார். ஆனால் அவர் டிவி முன்னால் உட்காரலாம். ஊரில் நம் கரண்டியைத் தொடவிடவில்லை என்று போராடுகிற ஆண் தோழர்கள், வீட்டில் அந்தக் கரண்டியைத் தொடுவதே இல்லை. இதுவும் ஒரு தீண்டாமை. வேறென்ன பெயர் வைப்பது?

அன்றைக்குக் கடையிலிருந்து திரும்பும்போது அக்காவிடம் கேட்டேன், "இனி பொங்கலுக்கு ஓனரம்மாவுக்குப் பாயசம் கொடுப்பீங்களா?"

"குடுப்பேன்" என்றார். "அவங்க வாசப்படிக்குக் கொண்டு போகமாட்டேன். எங்கூட்டுக்குள்ள வந்து உக்காந்து குடிச்சாக் குடிக்கட்டும்."

அன்று மதியம் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டேன். அரிசியும் பருப்பும் சோறு, கத்தரிக்காய்ப் பொரியல். சூப்பர் மார்க்கெட் பருப்பு, ரேசன் அரிசி. படித்துக்கொண்டிருக்கும் தோழரே, நீங்கள் எந்தச் சாதியாகவும் இருங்கள். கடைசியாக எந்த வீட்டில் கை நனைத்தீர்கள், எந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லி எழுந்து வந்தீர்கள்? அந்தக் கணக்கை மட்டும் உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள்.