ஓடுமுன் நிற்க வேண்டும்

வீட்டு முற்றத்துக் கொட்டிலிலே அங்கம் அங்கமாகக் கழற்றப்பட்ட பழைய மோட்டார் வண்டிக்கு மீண்டும் உயிர் கொடுக்கும் அன்பர்கள் நம் நாட்டில் இன்றும் பலர் உளர். அவ்வாறு போற்றப்படும் வண்டிகளுள் மொறிஸ் மைனர் முக்கியமானது. அலெக் இசிகோனிஸ் என்பாரின் அமைப்பில் 1948 இல் இங்கிலாந்திலே வெளிவந்தது அது. 1990 களில், தடையினால் பெற்றோல் அரிதாகிய யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினை முடுக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட பழைய கார்களை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள்.

தகட்டு வேலை முடிந்து வர்ணமும் பூசியானதும், “இனிப் பூட்டுவதுதானே, கோயில் கொடியேற்றத்துக்கு முன் ஓடாதா?” என்று வீட்டார் கேட்கத் தொடங்குவர். அந்த அவசரத்தில் கண்ணுக்குத் தெரியும் பாகங்கள் முந்திக்கொள்ளும், மறைந்திருப்பவை பிந்திவிடும். நாம் கூறும் ஒழுங்கு இதற்கு மாறானது.

முதலிற் கவனிக்க வேண்டியது பிறேக். மொறிஸ் மைனரில் நான்கு சக்கரங்களின் பிறேக்குக்கும் திரவம் செல்லும் வழி ஒன்றே. எங்கேனும் ஒரு றப்பர் கசிந்து திரவம் வற்றினால் நான்கும் ஒருங்கே கைவிட்டுவிடும். ஆதலின் பழைய றப்பர்கள் அனைத்தையும் மாற்றுதல் வேண்டும். புதியவற்றில் எஞ்சின் எண்ணெயோ சாதாரண கிறீசோ படலாகாது. பட்டால் அவை ஊதிக் கெடும். பிறேக் திரவத்திலேயே தோய்த்துப் பூட்டுக. திரவம் புதிதாகத் திறந்த தகரத்திலிருந்து எடுக்கப்படட்டும். திறந்து வைத்தது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அது சிந்தினால் புது வர்ணத்தையும் உரித்துவிடுமாகையால் உடனே நீரூற்றிக் கழுவுக. பழைய பிறேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். தூசியை ஒருபோதும் ஊதாமல், மூக்கையும் வாயையும் தக்க கவசத்தால் மூடிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

குழாய்களிலுள்ள காற்றை அகற்றல் இருவர் செய்யும் வேலை. ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னுள்ள நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்றி மூடவேண்டும். மூடிய பின்னரே காலை எடுக்கலாம். மிகத் தூரத்திலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்குவது முறை. மிதியை அழுத்தும் பணியை வீட்டு மாணவனுக்கோ மாணவிக்கோ கொடுங்கள். திரவம் சுருங்காது, காற்றுச் சுருங்கும் என்ற பாடத்தையும், பாஸ்கல் விதியையும் அவர்கள் காலாலேயே உணர்ந்து கொள்வர்.

அடுத்தது முன்சக்கரம். அது திரும்புவதற்கான அச்சு, மேலும் கீழும் புரியுள்ள மூட்டுக்களில் திருகப்பட்டிருக்கிறது. கிறீஸ் காணாமல் புரி தேய்ந்தால் மூட்டுக் கழன்று, ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும். தேய்ந்த மூட்டை மாற்றாமல் மேலே வர்ணம் பூசுவது நோயை மறைத்துப் பட்டுடுத்துவது போலாம்.

மின்சார இணைப்பிலும் ஒரு புதுமை உண்டு. இவ்வண்டியில், தொழிற்சாலையில் அமைத்தபடி, பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படும். இன்றைய கார்களில் எதிர்முனை. கம்பி பூட்டும் முன் இதை உறுதி செய்க. எல்லாம் சரியாகப் பூட்டியும் விளக்கு மங்கலாக எரிந்தால் புது வர்ணத்தை ஐயுறுக. உடலோடு கம்பி சேருமிடத்தில் வர்ணத்தைச் சுரண்டி வெறும் இரும்பைத் தொடவிட்டால் ஒளி திரும்பும்.

இவற்றின் பின்னரே கண்ணாடி. றப்பர்ப் பட்டியின் பள்ளத்தில் மெல்லிய கயிற்றைச் சுற்றி, சவர்க்கார நீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுத்தால் றப்பர் உதடு தானே தகட்டின்மேல் ஏறும். சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை.

முதல் ஓட்டம் ஆளரவமற்ற ஒழுங்கையில், நடைவேகத்தில், பலமுறை நிறுத்திப் பார்ப்பதாக அமையட்டும். திரும்பி வந்து கசிவு உண்டா என்று கீழே குனிந்து பாருங்கள். சக்கர நட்டுக்களை மீண்டும் இறுக்குங்கள். பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றுவது அதன் பின்னரே. பளபளப்பு வீதியில் நிற்போருக்கு. பிறேக் உள்ளே இருப்போருக்கு.