தொட்டிலுக்கும் கூடத்துக்கும் நடுவே

தொட்டில் அறையிலிருந்து கூடத்துக்கு வந்துசேர வேண்டிய ஒரு காட்சி, எதற்காக எங்கோ ஓர் அந்நிய வழங்கிக்குப் போய்த் திரும்ப வேண்டும்? இன்று கடையில் விற்கும் வீட்டுக் காமிராக்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இயங்குகின்றன. வசதி என்கிறார்கள். 2023 மே மாதத்தில் அமேசானின் ரிங் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், வாடிக்கையாளரின் அந்தரங்கக் காட்சிகளை ஊழியர்கள் பார்க்க இடமிருந்தது என்பது குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. வசதிக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

எம்ஜேபிஜி-ஸ்ட்ரீமர் என்ற சிறு நிரலின் மேல் எனக்குப் பிரியம் வந்தது இதனால்தான். சி மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். ஜிஎன்யு பொது உரிமத்தில் கிடைப்பது. எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். அதன் சூட்சுமம் அது செய்யாமல் விடுவதில் இருக்கிறது. யூஎஸ்பி வழியே இணைக்கும் வெப்கேம்களில் பல, ஒவ்வொரு படத்தையும் தமக்குள்ளேயே ஜேபெக் வடிவில் சுருக்கித் தந்துவிடும். நிரல் அதைப் பிரிப்பதில்லை, மறுபடி சுருக்குவதுமில்லை. உறையைக் கிழிக்காத தபால்காரரைப்போல் உலாவியிடம் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போகிறது. உலாவி முந்தைய படத்தின் இடத்தில் புதியதை வைக்கிறது. நெட்ஸ்கேப் காலத்து உத்திதான் இது. ஆகையால் ராஸ்பெரி பை போன்ற கையகலக் கணினியும், சில ரூட்டர்களுமேகூட இதைத் திணறாமல் ஓட்டுகின்றன. முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்போர், அச்சாகும் பொருளைத் தொலைவிலிருந்து பார்க்க ஆக்டோபிரிண்ட்டுடன் இதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

குறையே இல்லையென்று வாதிட வரவில்லை. எச்.264 போன்ற முறைகள் அடுத்தடுத்த படங்களில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பிச் சிக்கனம் பிடிக்கும். இதுவோ அசையாத சுவரையும் நொடிக்கு 15 முறை முழுமையாக அனுப்பும். படமொன்று 40 கிலோபைட் என்று கொண்டால் நொடிக்கு 600 கிலோபைட். வீட்டு வலையமைப்புக்கு இது பொருட்டில்லை. செல்பேசித் தரவுக்குக் கனம். ஒலியும் வராது.

நிற்க. இவற்றைவிடப் பெரிய குறை பாதுகாப்பு. கடவுச்சொல் வைக்கலாம்தான், ஆனால் அது மறையாக்கம் இல்லாமல் பயணிக்கும். ஆர்வக்கோளாறில் ரூட்டரின் 8080 வாயிலை ஊருக்குத் திறந்துவிட்டால், அமேசான் ஊழியருக்குப் பதில் முகம் தெரியாத எவரோ தொட்டிலைப் பார்ப்பார். வெளியூரிலிருந்து பார்த்தே ஆகவேண்டுமென்றால் வயர்கார்ட் போன்றதொரு விபிஎன் வழியே வீட்டு வலைக்குள் நுழைந்து பார்ப்பதே முறை. அதை அமைக்க ஒரு மாலைப்பொழுது செலவாகும். அந்த மாலைப்பொழுதைச் செலவிட மனமில்லாதவர்களுக்குத்தான் நிறுவனங்கள் காமிரா விற்கின்றன.