36 பந்தயம், 2 சுற்றில் தீர்ப்பு!

அமெரிக்க கார் பந்தய ரசிகர்கள் கொதித்தது ஏன்?

இன்னும் மூன்றே சுற்றுகள் பாக்கி.

டென்னி ஹாம்லின் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தார். அன்று மட்டும் 208 சுற்றுகளில் அவருடைய கார்தான் முன்னால் ஓடியது. 20 ஆண்டுகளாக எந்தப் பட்டத்துக்கு அவர் ஏங்கினாரோ, அது இதோ கைக்கு வந்துவிட்டது. இன்னும் மூன்று மைல். அவ்வளவுதான்.

அப்போது "படார்!" என்று ஒரு டயர் வெடித்தது.

வெடித்தது ஹாம்லினுடைய டயர் அல்ல. வில்லியம் பைரன் என்ற வேறொருவரின் டயர். அவர் கார் சுவரில் மோதியது. உடனே மஞ்சள் கொடி காட்டப்பட்டது. எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்தன. அதோடு ஹாம்லினின் பட்டமும் போயிற்று!

இது நடந்தது 2025 நவம்பர் 2-ந் தேதி. இடம்: அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் பந்தய மைதானம். அன்று தொடங்கிய ரசிகர்களின் கூக்குரல், இரண்டு மாதங்களில் பந்தயத்தின் சட்டத்தையே மாற்ற வைத்தது.

இது என்ன பந்தயம்?

இதற்கு "ஸ்டாக் கார்" பந்தயம் என்று பெயர். கடையில் விற்கும் சாதாரணக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் பந்தயம் என்று பொருள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது பெயரும் உருவமும்தான் மிச்சம். உள்ளே இருப்பது முழுக்க முழுக்கப் பந்தய எந்திரம்.

இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பு நாஸ்கார். 1948-ல் தொடங்கப்பட்டது. இதன் பூர்வீகம் வேடிக்கையானது. அமெரிக்காவின் தென்பகுதி மலைக் கிராமங்களில் கள்ளச் சாராயம் காய்ச்சுவார்கள். அதை இரவோடு இரவாகக் காரில் கடத்துவார்கள். போலீஸ் துரத்தும். பிடிபடாமல் பறக்க வேண்டும். அதற்காகக் காரின் எந்திரத்தையும் வில்லையும் பலப்படுத்துவார்கள். இப்படி ஓட்டிப் பழகியவர்கள், "யார் கார் வேகம்?" என்று தங்களுக்குள் பந்தயம் விட்டார்கள். அதுவும் இந்த விளையாட்டு வளர ஒரு காரணம்.

1949 ஜூன் மாதம் சார்லட் நகரில் நாஸ்காரின் முதல் ஸ்டாக் கார் பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. சோதித்துப் பார்த்தால், அவர் காரின் வில் சாராயக் கடத்தலுக்காகப் பலப்படுத்தப்பட்ட வில்! வெற்றி பறிக்கப்பட்டது. இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பர் வென்றதாக அறிவித்தார்கள். ஆக, "உண்மையில் வென்றது யார்?" என்ற சண்டை இந்த விளையாட்டுக்குப் பிறவியிலேயே உண்டு.

இரண்டு டயரா, நாலு டயரா?

பீனிக்சில் நடந்ததைப் பார்ப்போம்.

பந்தயம் மொத்தம் 312 சுற்று. ஒரு சுற்று ஒரு மைல். முடியும் நேரத்தில் மஞ்சள் கொடி விழுந்தால், கார்கள் ஊர்ந்துகொண்டே பந்தயத்தை முடிப்பதில்லை. பார்க்க வந்தவர்களுக்கு அது ஏமாற்றம் அல்லவா? ஆகையால் பாதையைச் சரிசெய்துவிட்டு, கூடுதலாக 2 சுற்று வேகமாக ஓட விடுவார்கள்.

இடையில் கிடைத்த நேரத்தில் கார்கள் டயர் மாற்றும் இடத்துக்குள் நுழைந்தன. இதை "பிட்" என்பார்கள். ஹாம்லினின் கோஷ்டி 4 டயர்களையும் மாற்றியது. புது டயர் என்றால் பிடிப்பு அதிகம். ஆனால் மாற்ற நேரம் கூடுதலாகும். இன்னொரு போட்டியாளரான கைல் லார்சனின் கோஷ்டி 2 டயர் மட்டும் மாற்றிச் சட்டென்று அனுப்பியது.

வெளியே வந்து வரிசையில் நின்றபோது லார்சன் 5-வது இடம். ஹாம்லின் 10-வது இடம். நீண்ட பந்தயம் என்றால் ஹாம்லின் புது டயரோடு எல்லோரையும் முந்தியிருப்பார். இருந்ததோ இரண்டே சுற்று!

லார்சன் 3-வதாக வந்தார். ஹாம்லின் 6-வதாக வந்தார். பட்டம் லார்சனுக்கு. ஹாம்லின் காரை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் உள்ளேயே பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு விஷயம் புதியவர்களுக்கு விளங்காது. அன்றைய பந்தயத்தில் முதலில் வந்தவர் லார்சனும் அல்ல. ரையன் பிளேனி என்பவர். அவர் பட்டப் போட்டியிலேயே இல்லை. கடைசிப் பந்தயத்தில் எல்லோரும் ஓடுவார்கள். ஆனால் பட்டத்துக்கு 4 பேர்தான். அந்த நாலு பேரில் யார் முன்னால் வருகிறாரோ அவரே ஆண்டின் சாம்பியன். அதுவரை நடந்த 35 பந்தயங்களின் கணக்கும் அன்று காலை பூஜ்யம்!

ரசிகரின் வயிற்றெரிச்சல்

இங்கேதான் ரசிகருக்குப் பொறுக்கவில்லை.

தென் மாநிலங்களில் இந்தப் பந்தயம் குடும்பத் திருவிழா. பெட்டி நிறையச் சாப்பாடும் குளிர்பானமும் கட்டிக்கொண்டு வருவார்கள். வண்டியிலேயே இரவு தங்குவார்கள். காதில் கருவி மாட்டிக்கொண்டு, ஓட்டுபவரும் அவர் கோஷ்டியும் ரேடியோவில் பேசுவதைக் கேட்பார்கள். அப்பாவுக்குப் பிடித்த காரின் எண்ணே பிள்ளைக்கும் பிடிக்கும். பிப்ரவரியில் தொடங்கி நவம்பர் வரை இப்படிப் பின்தொடர்கிறவரிடம், "அதெல்லாம் கணக்கில்லை, கடைசி நாள் மட்டும்தான் கணக்கு" என்றால் எப்படி இருக்கும்?

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் ஆண்டு முழுவதும் முதல் மார்க் வாங்குகிறான். கடைசிப் பரீட்சையில், கடைசிக் கேள்வியின்போது, பக்கத்துப் பையன் மைக்கூட்டைத் தட்டி விட்டுவிடுகிறான். "நீ இரண்டாவது" என்று வாத்தியார் சொன்னால் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

ஹாம்லின் அந்த ஆண்டு 6 பந்தயங்களில் வென்றவர். மொத்தம் 60 வெற்றி. ஆனால் பட்டம் ஒன்றுகூட இல்லை. பட்டம் இல்லாமல் இத்தனை வெற்றி பெற்றவர் வேறு யாருமே இல்லை. அவருக்கு முன் இந்தச் சோகப் பெருமை ஜூனியர் ஜான்சனுக்கு இருந்தது. அவருக்கு 50 வெற்றி. சாராயக் குற்றத்துக்காகச் சிறைக்கும் போய் வந்தவர் அவர்!

லார்சனோ அந்த ஆண்டு 3 பந்தயங்களில் வென்றார். மூன்றும் மே மாதத்துக்குள். அதன் பிறகு 24 பந்தயங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. இறுதி நாளில் ஒரு சுற்றுகூட அவர் முன்னால் ஓடவில்லை.

லார்சன் மீது குறை சொல்வது நியாயம் அல்ல. அவர் பெரிய வீரர். 2021-ல் 10 பந்தயங்களில் வென்று சாம்பியன் ஆனவர். இருக்கிற விதிப்படி ஓடினார், வென்றார். குறை விதியில்.

முந்திய ஆண்டின் கூத்து

2024-லேயே ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். அந்த ஆண்டு சாம்பியன் ஜோயி லொகானோ. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அவர் சராசரியாக 17-வது இடத்தில்தான் வந்திருக்கிறார். அக்டோபரில் பட்டப் போட்டியிலிருந்தே வெளியேறிவிட்டார். அன்று மாலை அலெக்ஸ் போமனின் காரை எடை போட்டார்கள். எடை குறைவு! போமனை நீக்கினார்கள். லொகானோ உள்ளே வந்தார். அடுத்த வாரமே லாஸ் வேகாசில் பெட்ரோலை மிச்சம் பிடித்து ஓட்டி வென்றார். பிறகு பீனிக்சிலும் வென்று பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"ஒரே ஒரு பந்தயத்தில் வென்றால் போதும், 16 பேர் பட்டியலில் இடம்" என்ற விதியும் வம்பை வளர்த்தது. 2024 ஆகஸ்டில் ஹாரிசன் பர்ட்டன் டேடோனாவில் வென்றார். அதுவரை புள்ளிப் பட்டியலில் அவர் 34-வது ஆள்! ஒரே நாளில் அவர் பட்டப் போட்டியாளர் ஆனார். அதே மாதம் ரிச்மண்டில் ஆஸ்டின் டில்லன் கடைசித் திருப்பத்தில் இரண்டு கார்களை இடித்துத் தள்ளிவிட்டு வென்றார். நாஸ்கார் வெற்றியை விட்டுவைத்தது. பட்டப் போட்டிக்கான இடத்தை மட்டும் பறித்தது. பாதிப் பழம் கொடுத்த மாதிரி!

ஏன் இந்த விதி வந்தது?

நாஸ்காருக்கும் ஒரு பக்கம் உண்டு. 2003-ல் மாட் கென்செத் சாம்பியன் ஆனார். அந்த ஆண்டு அவருக்கு ஒரே வெற்றி. 8 பந்தயங்களில் வென்ற ரையன் நியூமன் பட்டியலில் 6-வது. கடைசிப் பந்தயம் வருமுன்பே பட்டம் யாருக்கு என்று தெரிந்துவிட்டது. ஜனங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கால்பந்து வேறு தொடங்கிவிடும். எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

அடுத்த ஆண்டே விதி மாறியது. கடைசி 10 பந்தயங்களைத் தனியாக்கிப் பட்டப் போட்டி வைத்தார்கள். 2014-ல் அதுவும் போதவில்லை. 16 பேர், 12 பேர், 8 பேர், 4 பேர் என்று கழித்துக்கொண்டே போகும் முறை வந்தது. பரபரப்பு கிடைத்தது; நியாயம் போயிற்று.

புதுச் சட்டம்

2026 ஜனவரி 12-ந் தேதி நாஸ்கார் பழைய வழிக்கே திரும்பியது. முதல் 26 பந்தயங்களில் புள்ளிக் கணக்கில் முன்னால் இருக்கும் 16 பேர் தேர்வு. ஒரு வெற்றியைக் காட்டி உள்ளே நுழைய முடியாது. பிறகு 10 பந்தயம். நடுவில் யாரையும் கழிப்பது கிடையாது. 10 பந்தயத்தின் புள்ளியையும் கூட்டி, அதிகம் பெற்றவர் சாம்பியன். ஒரு வெற்றிக்கு முன்பு 40 புள்ளி, இனி 55. இரண்டாவது இடத்துக்கு 35. எனவே வெற்றிக்கும் மதிப்பு கூடிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பீனிக்சில் 3-வது இடத்துக்கும் 6-வது இடத்துக்கும் இருந்த வித்தியாசம், ஹாம்லினுக்கு ஒரு பட்டத்தையே பறித்தது. புதுக் கணக்கில் அந்த வித்தியாசம் எவ்வளவு? 34 புள்ளிக்கும் 31 புள்ளிக்கும் உள்ள 3 புள்ளி!

ரசிகருக்கு முழுத் திருப்தியா என்றால், இல்லை. 36 பந்தயத்தையும் ஒன்றாகக் கூட்ட வேண்டும் என்பது பழைய ரசிகர்களின் பிடிவாதம். ஐந்து முறை இரண்டாம் இடம் பெற்று, பட்டமே காணாமல் ஓய்வு பெற்ற மார்க் மார்ட்டினும் இதையே வாதாடினார். அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 26 பந்தயங்களில் ஒருவர் எவ்வளவு தூரம் முந்தியிருந்தாலும், கடைசிப் பகுதியை அவர் 2,100 புள்ளியோடு தொடங்குவார். இரண்டாவது ஆள் 2,075. ஏழு மாத உழைப்புக்கு 25 புள்ளிதான் கூலி.

வேறு குறைகளும் உண்டு. 2022-ல் வந்த புதுக் காரில், சிறிய மைதானங்களில் முன்னால் போகிறவரை முந்துவது கஷ்டமாகிவிட்டது. இதற்காக 2026-ல் எந்திர சக்தியை 670 குதிரையிலிருந்து 750 ஆக உயர்த்தினார்கள். டேடோனா போன்ற பெரிய மைதானங்களில் வேறு ரகளை. பெட்ரோலை மிச்சம் பிடிக்க எல்லோரும் கூட்டமாக மெதுவாகப் போகிறார்கள். வேகத்தைப் பார்க்க டிக்கெட் வாங்கியவர், ஊர்வலம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அதற்கு இன்னும் மருந்து கண்டபாடில்லை.

2026-ன் கடைசிப் பந்தயத்துக்கு நாஸ்கார் குறித்த நாள் நவம்பர் 8. இடம் பீனிக்ஸ் அல்ல. புளோரிடாவில் உள்ள ஹோம்ஸ்டெட். பீனிக்ஸ் பந்தயம் முடிந்த 16-ம் நாள் ஹாம்லினுக்கு 45 வயது நிறைந்தது. அந்தத் தோல்விக்குச் சில மாதங்கள் முன்பே, 2027 வரை ஓட்டுவதற்கு அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.