ஆண்டவர் பெயரும் மாண்டவர் பெயரும்

1956 நவம்பர் 23 அதிகாலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த விரைவு ரயில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. மழை வெள்ளம் பாலத்தையொட்டிய கரையை அரித்திருந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் விலகியதை வடநாடு இன்றும் பேசுகிறது. தமிழ்நாட்டின் நினைவில் நின்றதோ தேர்தல் முழக்கம் ஒன்று. ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி.அழகேசனை அரியலூர் என்ற ஊர்ப்பெயரோடு சேர்த்து விளித்து, ஆண்டது, மாண்டது என்ற எதுகையில் முடிகிற அந்த முழக்கத்தை, முதன்முறையாகத் தேர்தலில் நின்ற தி.மு.க. 1957-ல் தெருத்தெருவாக எழுப்பியது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அரசியல் மேடைகளில் அதை எடுத்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அன்றைய நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதியது ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டது. எதுகையில் கட்டிய ஒரு வரி மட்டும் மக்கள் நாவில் தங்கிவிட்டது.

இந்த முழக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால், எதிர்ப்புப் பாட்டின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரியும். பொறுப்பில் இருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டது அதன் பலம். வெள்ளம் ஓடிய இரவில் அந்தப் பாலத்தைப் பார்த்தது யார், வண்டியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற கேள்விகள் அதில் இல்லாதது பலவீனம். அமைச்சரின் பெயர் இருக்கிறது. மாண்டவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. பாட்டு கேள்வியை அணையாமல் காக்கும். பதிலைத் தேடிக் கொண்டுவருவது செய்தியாளரின் உழைப்பு. பாட்டும் செய்தியும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்பதே என் வாதம். அப்படியானால், செய்திக்கு உரிய சுதந்திரம் பாட்டுக்கும் வேண்டும். செய்திக்கு உரிய பொறுப்பும் பாட்டுக்கு வேண்டும்.

இது புதிய உறவு இல்லை. நாளிதழ் எட்டாத காலத்தில் கொலை, பஞ்சம், வெள்ளம், ரயில் விபத்து எல்லாம் சிந்தாகவும் கும்மியாகவும் மலிவுத்தாளில் அச்சாகிச் சந்தையிலும் ரயிலடியிலும் பாடி விற்கப்பட்டன. குஜிலிப் பாட்டுகள் எனப்பட்ட அவற்றின் வரலாற்றை ஆ.இரா.வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் எழுதியிருக்கிறார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமை, இன்குலாப் எழுதி கே.ஏ.குணசேகரன் பாடிய பாட்டின் வழியாகவும் நாளிதழ் படிக்காத ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். பில் ஓக்ஸ் என்ற பாடகர் 1964-ல் வெளியிட்ட தன் முதல் இசைத்தட்டுக்கு, நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தலைப்பில் போடும் வாசகத்தைச் சற்றே மாற்றிப் பெயர் வைத்தார். பாடகனும் நிருபன்தான் என்பதற்கு அதைவிட வெளிப்படையான அறிவிப்பு கிடையாது.

உடி கத்ரி எழுதிய பாட்டு ஒன்றின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1948 ஜனவரி 28 அன்று கலிபோர்னியாவில் லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் விமானம் விழுந்து 32 பேர் இறந்தார்கள். அவர்களில் 28 பேர் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பண்ணைத் தொழிலாளர்கள். விமான ஊழியர்களின் பெயர்களைச் சொன்ன செய்திகள், தொழிலாளர்களை நாடு கடத்தப்பட்டவர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டன. அந்தப் புறக்கணிப்பைத்தான் கத்ரி பாடினார். ஆனால் அவருக்கும் உண்மைப் பெயர்கள் தெரியாது. கற்பனைப் பெயர்களைத்தான் பாட்டில் வைத்தார். எழுத்தாளர் டிம் ஹெர்னாண்டஸ் கல்லறைப் பதிவேடுகளைத் தேடி அலைந்து கண்டறிந்த பின், 2013-ல் ஃப்ரெஸ்னோ கல்லறையில் 28 பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன. பாட்டு இல்லாவிட்டால் அந்தக் கல்லறையைத் தேடும் எண்ணமே யாருக்கும் வந்திருக்காது. தேடியவர் இல்லாவிட்டால் பாட்டு கற்பனைப் பெயர்களோடு நின்றிருக்கும்.

பாட்டு மிகைப்படுத்தும், ஆளைக் குறிவைத்துத் தாக்கும், அதைப் போய்ச் செய்தி என்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஹாட்டி கேரல் என்ற கறுப்பினப் பணிப்பெண்ணின் சாவைப் பாப் டிலன் நாளிதழ்ச் செய்தியை வைத்தே பாடினார். அடித்தவருக்கு ஆறு மாதச் சிறைதான் என்ற அநீதியை உலகம் அந்தப் பாட்டால் அறிந்தது. ஆனாலும் குற்றவாளியின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனதிலிருந்து வழக்கு விவரம்வரை அதில் பிழைகள் இருப்பதாக விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிழையைச் சுட்டிக்காட்டுவதுதான் பிழைக்கு மருந்து; கைவிலங்கு மருந்தாகாது. அரியலூரின் பக்கத்து மாவட்டமான திருச்சியில் 2015 அக்டோபர் 30 அதிகாலை, மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவனை வீடு தேடி வந்து போலீசார் கைது செய்தார்கள். டாஸ்மாக்கை மூடச் சொல்லியும் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவை விமர்சித்தும் பாடி, வினவு தளத்தில் வெளியான பாட்டுகளுக்காக அவர்மீது போட்டது தேசத்துரோகச் சட்டப்பிரிவு 124ஏ. சாராயக்கடை வேண்டாம் என்பது எப்படித் தேசத்துக்குத் துரோகமாகும்? அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்திவைத்தது. ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில் 152-ஆம் பிரிவு ஏறத்தாழ அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாடுகிறவர்களுக்கு அபாயம் நீங்கிவிடவில்லை.

பாட்டால் என்ன மாறிவிடும் என்பது இன்னொரு கேள்வி. பாட்டு மட்டுமே எதையும் மாற்றுவதில்லை. உண்மை விவரமும் மக்கள் இயக்கமும் சேரும்போது மாறுகிறது. கோவன் பாடிய ஆண்டில்தான் காந்தியவாதி சசிபெருமாள் மதுவிலக்குப் போராட்டத்தில் உயிர்விட்டார். 2016 மே மாதம் மீண்டும் முதல்வரான ஜெயலலிதாவின் முதல்நாள் உத்தரவுகளில் 500 மதுக்கடைகளை மூடுவதும் ஒன்று. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி சோபியா அஷ்ரப் 2015-ல் பாடிய ராப், அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் மெட்டில் அமைந்தது. ஆலை மூடிப் பதினான்கு ஆண்டுகளாகத் தொழிலாளர்கள் திரட்டிவைத்த ஆதாரங்கள் அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருந்தன. மறு ஆண்டு மார்ச்சில், அந்த ஆலையை நடத்திய யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது.

ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதற்கு அரியலூர் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காத குழுமூர் மாணவி அனிதா 2017 செப்டம்பர் 1 அன்று இறந்தபோது மாநிலமே மூன்று எண்களை மனப்பாடமாகச் சொன்னது: பிளஸ் டூவில் 1176, மருத்துவக் கட்ஆஃப் 196.75, நீட்டில் 86. யார் பக்கம் நின்றவரும் அந்த எண்களை மறுக்க முடியவில்லை. அதனால்தான் முழக்கங்களில் அவ்வளவு பலம் இருந்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1957-ன் முழக்கத்தில் இல்லாதது 2017-ல் இருந்தது: மாண்டவரின் பெயரும் சரிபார்த்த விவரமும்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இப்படிப் பாடவும் எழுதவும் வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென 1990களில் எடுத்த நிலத்தில் திட்டம் வராமலே கால் நூற்றாண்டு போனது. திருமாந்துறையில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு வாங்கிய நிலம் ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளில் விபத்துகள் நடந்தபடியே இருக்கின்றன. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவை நாலு வரியில் முடிந்துபோகின்றன. தாலுகா நிருபர்கள் பலருக்கு ஒழுங்கான சம்பளம் இல்லை. பறையும் பாட்டும் கற்ற இளைஞர்களுக்கு விவரம் கிடைக்க வழி இல்லை. இந்த இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார வேண்டும். நிருபர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு வாங்கிய விவரங்களைக் கலைக்குழுக்களுக்குக் கொடுங்கள். பாடுகிறவர்களே, ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு எண்ணையும் மேடை ஏறும் முன் சரிபாருங்கள். ஆண்டவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மாண்டவர் பெயரையும் விடாமல் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவர்களைக் காவல் நிலையத்துக்கு இழுக்கும் நாளில், அவர்களுக்காக முதலில் எழுத வேண்டியவர்கள் பத்திரிகைக்காரர்களாகிய நாம்.